தள்ளுபடிக் கடைகளில் கிலோ விலையை எழுதி வைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு மாதமும் சம்பள நாளை ஒட்டி மும்பையின் எல்லா மொழி நாளிதழ்களிலும் பெரிய தள்ளுபடிக் கடைகளின் முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. தங்கள் நாளிதழும் அவற்றை வெளியிடுகிறது. துவரம் பருப்புக்கு இத்தனை சதவீதம், சமையல் எண்ணெய்க்கு இத்தனை சதவீதம், சோப்புக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பக்கம் முழுவதும் எண்கள் நிறைந்திருக்கின்றன. ஆயினும் எந்தக் கடையில் எந்தப் பொருள் மலிவு, அந்த விலைக்குக் கிடைக்கும் தரம் என்ன என்று குடும்பம் நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள அவற்றில் ஒரு வரிகூட இருப்பதில்லை. செம்பூரில் எங்கள் குடியிருப்பிலுள்ள சில தமிழ்க் குடும்பங்கள் மாத மளிகையைச் சேர்ந்தே வாங்குகிறோம். பில்களைப் பத்திரப்படுத்திக் கடைக்குக் கடை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அந்த அனுபவத்தைக் கொண்டு ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன்: பெரிய கடைகள் ஒவ்வொரு பொருளுக்கும் தாங்கள் உண்மையில் விற்கும் விலை கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்பதை அலமாரியிலேயே எழுதி வைக்கும்படி அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.

தள்ளுபடி என்பது எம்.ஆர்.பி. என்னும் அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து குறைக்கப்படும் தொகை. வரிகள் அனைத்தையும் உள்ளடக்கிய அந்த விலையைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்ற விதி 1990ஆம் ஆண்டு வந்தது. உள்ளூர் வரி தனி என்று சொல்லிக் கடைக்காரர்கள் மனம்போனபடி பணம் பறித்த காலத்தில் அது மக்களுக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. இன்றும் இரயில் நிலையத்திலும் சுற்றுலாத் தலங்களிலும் பாதுகாப்பாகவே இருக்கிறது. ஆனால் அந்த உச்சவரம்பை எந்த அளவில் வைப்பது என்பதைத் தயாரிப்பாளரோ பொட்டலமிடுபவரோதான் தீர்மானிக்கிறார். அரிசிக்கும் பருப்புக்கும் சோப்புக்கும் இந்த எம்.ஆர்.பி. நியாயமானதுதானா என்று முன்கூட்டிச் சரிபார்க்கும் அதிகாரி எவரும் இல்லை. ஒரு கிலோ பருப்புக்கு 300 ரூபாய் என்று அச்சிட்டு 40 சதவீதம் தள்ளுபடி தரும் கடை அதை 180 ரூபாய்க்கு விற்கிறது. 185 ரூபாய் என்று அச்சிட்ட அதே தரத்துப் பருப்பை 5 சதவீதத் தள்ளுபடியில் விற்கும் கடை 175 ரூபாய் 75 காசுதான் வாங்குகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 40தான். பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பொருள்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் அங்கே எம்.ஆர்.பி.யைத் தீர்மானிப்பதும் அதிலிருந்து தள்ளுபடி கொடுப்பதும் ஒரே நிறுவனம்.

இந்தக் கடைகள் மலிவாக விற்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2002இல் நம் நகரத்தின் பவாயில் முதல் கடையைத் திறந்த டிமார்ட், பெரும்பாலான கடைகளை வாடகைக் கட்டடங்களில் வைக்காமல் சொந்தக் கட்டடங்களில் நடத்துகிறது. சரக்கு தருபவர்களுக்குப் பணத்தை விரைவாகக் கொடுத்து அதற்கு ஈடாக விலையைக் குறைத்து வாங்குகிறது. ஒரே பொருளில் இருபது வகைகளை அடுக்காமல் நன்றாக விற்பனையாகும் சில வகைகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. இவற்றால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி வாங்குகிறவர்களுக்கு உண்மையாகவே வந்து சேர்கிறது. ரிலையன்ஸ் 2006இல் ஐதராபாத்தில் காய்கறிக் கடைகளாகத் தொடங்கி, 2022இல் பிக் பஜார் கடைகள் பலவற்றின் இடங்களைத் தன்வசமாக்கி, இன்று ஸ்மார்ட் பஜார் என்ற பெயரில் நடத்துகிறது. டாட்டா குழுமத்தின் ஸ்டார் பஜாரும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, 1948இலேயே நாய்காவில் ஆலைத் தொழிலாளர்கள் கூட்டுறவு முறையில் தொடங்கிய அப்னா பஜாரையும் இங்கே நினைவுகூர்வது கடமை. நியாய விலைக்கு நல்ல பொருள் என்ற எண்ணம் இந்த நகரத்துக்குப் பெருநிறுவனங்கள் கொண்டுவந்ததல்ல.

எங்கள் பில்களை வைத்துப் பார்க்கும்போது, எல்லோருக்கும் தெரிந்த பெரிய நிறுவனங்களின் பற்பசை, பிஸ்கட், தேயிலை போன்றவற்றில் பெரிய கடைகளுக்கிடையே விலை வேறுபாடு மிகச் சிறியது. அதற்காக ஆட்டோ பிடித்து இன்னொரு கடைக்குப் போனால் மிச்சமாவதைவிட ஆட்டோக் கட்டணமே அதிகம். சர்க்கரையும் உப்பும் அப்படித்தான். அவற்றில் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் விலை குறைந்ததை வாங்கிவிடலாம். வேறுபாடு பெரிதாகத் தெரிவது பருப்பு, உளுந்து, அரிசி, சமையல் எண்ணெய், குளியல் சோப்பு, காப்பித் தூள் ஆகியவற்றில்தான். குடும்பத்தின் மளிகைச் செலவில் பெரும்பகுதியும் இவைதான்.

உளுந்தை எடுத்துக்கொள்வோம். இங்கே கோட்டா என்று விற்கப்படும் தோல் நீக்கிய முழு உளுந்து, பொட்டலத்தில் பார்க்கும்போது எல்லாக் கடையிலும் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கிறது. புது உளுந்து ஆட்டும்போது நன்றாகக் காணும். ஒரு டம்ளர் போட்ட இடத்தில் பாத்திரம் நிறையப் பொங்கி வரும். பழைய உளுந்தும் உடைசல் கலந்ததும் ஊறினாலும் மாவு காணாது. இட்லி தட்டையாக வருகிறதே என்று இன்னும் அரை டம்ளர் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாக வாங்கிய உளுந்து மாதக் கடைசியில் அதிகச் செலவாக முடிவது இப்படித்தான். துவரம் பருப்பிலும் பளபளப்பேற்றியதற்கும் ஏற்றாததற்கும் இடையே வேகும் நேரத்திலும் சுவையிலும் வேறுபாடு இருக்கிறது; பொட்டலத்தில் கண்ணைக் கவர்வது பளபளப்பேற்றியதுதான். சொந்தப் பெயர்ப் பொட்டலத்தின் பின்புறத்தில் பொட்டலமிட்டவரின் முகவரியும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டு வெவ்வேறு கடைகளின் பொட்டலங்களில் ஒரே முகவரியை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் விலை குறைந்ததை நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். இதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் குழுவில் எல்லோருக்கும் வந்துவிட்டது. இட்லி அரிசியைப் பொறுத்தவரை, தள்ளுபடிக் கடைகளில், இங்கே பரவலாகச் சமைக்கப்படும் கோலம் என்ற அரிசி வகைக்குக் கிடைக்கும் இடமும் வகையும் நம் புழுங்கலரிசிக்குக் கிடைப்பதில்லை; மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள பழைய தென்னிந்திய மளிகைக் கடைகளில் வாங்குவதே விலையிலும் தரத்திலும் நல்லது என்பது என் முடிவு.

எண்ணெயில் மக்கள் ஏமாறுவது அளவில். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் எடை இருக்கும். ஆகவே 15 லிட்டர் டின்னில் சுமார் 13 கிலோ 650 கிராம் எண்ணெய் இருக்கிறது. 15 கிலோ டின்னில் 15 கிலோ முழுமையாக இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி டின்கள், பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருப்பவை. பண்டிகைக் காலத்தில் முறுக்கும் அதிரசமும் சுட டின் வாங்குகிறவர்கள், விலை குறைவு என்று லிட்டர் டின்னை எடுத்து, ஒரு கிலோவுக்கும் மேலான எண்ணெயை விட்டுவிட்டு வருகிறார்கள். சிறிய பாக்கெட்டுகளிலும் இப்போது 800 கிராம், 850 மில்லிலிட்டர் என்று பல அளவுகள் வந்துவிட்டன.

குளியல் சோப்பில் தரத்தை அளக்க ஓர் எளிய எண் இருக்கிறது. டி.எஃப்.எம். எனப்படும் மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குளியல் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதமும், இரண்டாம் தரத்துக்கு 70 சதவீதமும், மூன்றாம் தரத்துக்கு 60 சதவீதமும் இருக்க வேண்டும். அதற்கும் குறைவாக இருப்பவை பாத்திங் பார் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றுக்கு 40 சதவீதம் போதும். நான்கு சோப்பு விலையில் ஐந்து என்று கட்டி வைத்திருக்கும் சலுகைக் கட்டுகளில் பாத்திங் பார்கள் அதிகம். அவை குளியலறையில் சீக்கிரம் கரைந்துபோகின்றன. முதல் தரச் சோப்பு ஒன்று நீடிக்கும் நாள்களுக்கு அவை நீடிப்பதில்லை. காப்பித் தூளிலும் இப்படியே: சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் சட்டப்படி போதும். எனவே 51 சதவீதத் தூளையும் 80 சதவீதத் தூளையும் பொட்டலத்தின் விலையை வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. கலவை விகிதம் உறையில் எழுதப்பட்டிருக்கிறது. விலைச் சீட்டில்தான் இல்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் மத்திய அரசு 2021 நவம்பரில் ஒரு திருத்தத்தை அறிவித்தது. அதுவரை தேயிலை, பிஸ்கட், எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்னின்ன அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்றிருந்த அட்டவணையை அது நீக்கியது. அதற்கு ஈடாக, ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஓர் அலகின் விலையை அச்சிட வேண்டும் என்று விதித்தது. நோக்கம் மிக நல்லது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அதைச் செயல்படுத்திய முறை வாங்குகிறவருக்கு உதவவில்லை. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு இவ்வளவு என்றும் அச்சிடச் சொல்கிறது விதி. இரண்டு கிலோ பருப்புப் பையில் ஒரு கிலோ 190 ரூபாய் என்றும், அரைக் கிலோப் பையில் ஒரு கிராம் 0.19 ரூபாய் என்றும் இருக்கும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தப்படுவதால், கிலோ 186 ரூபாய்க்கு வரும் பருப்புக்கும் 194 ரூபாய்க்கு வரும் பருப்புக்கும் அதே 0.19தான் அச்சாகும். கிலோவுக்கு எட்டு ரூபாய் வேறுபாடு அந்தப் புள்ளிக்குள் மறைந்துவிடுகிறது. எங்கள் குழுவில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கே இது நின்று கணக்குப் போட வேண்டிய வேலையாக இருக்கும்போது, கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கும் ஒரு தாயிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதைவிடப் பெரிய குறை, அந்த எண் எம்.ஆர்.பி.யிலிருந்து கணக்கிடப்படுவது. தள்ளுபடிக் கடையில் எவரும் எம்.ஆர்.பி. கொடுத்து வாங்குவதில்லை. ஆகவே பொட்டலத்தின்மேல் இருக்கும் அலகு விலை, கொடுக்காத விலையின் அலகு விலை. ஐரோப்பிய ஒன்றியம் 1998ஆம் ஆண்டின் சட்டத்தில் விற்பனை விலையோடு அலகு விலையையும் கடைக்காரரே காட்ட வேண்டும் என்று விதித்தது. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பர் முதல் பெரிய மளிகைக் கடைகளுக்கு இது கட்டாயம். அங்கே அலமாரியின் விலைச் சீட்டில், அன்றைய விலைக்கு ஏற்ற அலகு விலையும் இருக்கும். நம் பெரிய கடைகளின் விலைச் சீட்டுகள் கணினியில் அச்சாகின்றவை. சலுகை மாறினால் சீட்டும் மாறுகிறது. அதில் கிலோ விலை என்று இன்னொரு வரி சேர்ப்பதற்குக் கூடுதல் செலவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணம், செய்தால் சதவீத விளம்பரங்களின் கவர்ச்சி குறைந்துவிடும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

கிலோ விலை எழுதப்பட்டிருந்தால், பெரிய பொட்டலம் வாங்கினால் மலிவு என்ற நம்பிக்கையும் சோதனைக்கு வரும். ஷாம்புவில் பல நேரங்களில் சிறிய சாஷேக்களைச் சேர்த்து வாங்குவது பாட்டிலைவிட மலிவாக இருக்கிறது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தினக்கூலியில் குடும்பம் நடத்தும் பெண்கள் இதை நன்றாக அறிவார்கள். வரிக் குறைப்பு நமக்கு வந்து சேர்ந்ததா என்பதையும் அப்போது பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. எம்.ஆர்.பி.யும் தள்ளுபடிச் சதவீதமும் ஒரே சமயத்தில் மாறும்போது, முன்பு கொடுத்ததைவிடக் குறைவாகக் கொடுக்கிறோமா என்பது சதவீதத்தைப் பார்த்தால் தெரியாது. பழைய பில்லை எடுத்து கிராம் கணக்கில் வகுத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெளிவாயிற்று: சில பொருள்களில் முழுவதும் வந்திருந்தது, சிலவற்றில் தள்ளுபடியைச் சற்றுக் குறைத்து ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

விலைச் சீட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு பெரிய கடையில், அலமாரியில் ஒரு விலையும் பில்லில் அதைவிட அதிக விலையும் வந்தது உண்டு. கேட்டால், சலுகை நேற்றோடு முடிந்துவிட்டது, சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்று பதில் வந்தது. விடாமல் கேட்டவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. பின்னால் வரிசை நீண்டிருப்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டு நகர்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய நேரத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதில் தமிழிலும் புகார் சொல்ல முடியும். மராத்தியும் இந்தியும் சரளமாக வராத நம் பெரியவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளுக்கும் இந்த ஒப்பீட்டில் உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கும் பருப்புக்கும், பிராண்டுப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரரின் சில்லறை விற்பனைக்கு அந்த வரி இல்லை. அவருடைய விலை பெரிய கடையின் பொட்டல விலைக்கு அருகிலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்கும் வசதியும் அங்கேதான் இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். பெரிய கடைகள் கிலோ விலையை எழுதி வைத்தால், அவரும் தம் விலையை அதோடு ஒப்பிட்டு எழுதி வைக்க முடியும். வீணாகப் பெயர் கெட்டுப்போன பல சிறிய கடைகளில் உண்மையில் விலை அதிகமில்லை என்பது வெளிச்சத்துக்கு வரும்.

ஆகவே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விதியைத் திருத்தி, எல்லாப் பொட்டலங்களிலும் கிலோவுக்கும் லிட்டருக்குமான விலையையே அச்சிடச் செய்ய வேண்டும். பெரிய கடைகளின் அலமாரிச் சீட்டிலும் விளம்பரத்திலும் விற்பனை விலைக்கான அலகு விலையைக் கட்டாயமாக்க வேண்டும். மகாராஷ்டிர அரசின் எடையளவுத் துறை, தராசுகளைச் சோதிப்பதைப் போலவே விலைச் சீட்டுக்கும் பில்லுக்கும் உள்ள வேறுபாட்டையும் திடீர்ச் சோதனைகளில் பார்க்க வேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல் டிமார்ட்டோ ஸ்மார்ட் பஜாரோ ஸ்டார் பஜாரோ தாமாகவே முன்வந்து இதைத் தொடங்கினால், எங்கள் குழுவின் மாத மளிகையை அந்தக் கடைக்கே மாற்றிக்கொள்வோம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கம் விலையையும் காய்கறி விலையையும் நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். அதுபோல மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை துவரம் பருப்பு, முழு உளுந்து, இட்லி அரிசி, நல்லெண்ணெய், காப்பித் தூள், குளியல் சோப்பு ஆகியவற்றுக்கு மட்டுமாவது, மும்பையின் பெரிய கடைகளிலும் மாட்டுங்கா, செம்பூர், முலுந்து, தாராவி மளிகைக் கடைகளிலும் என்ன கிலோ விலை என்று ஒரு சிறிய அட்டவணை வெளியிட்டால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும். சோப்புக்கு எதிரே டி.எஃப்.எம். அளவையும் காப்பித் தூளுக்கு எதிரே சிக்கரி விகிதத்தையும் சேர்த்துப் போட வேண்டும். செம்பூர் கடைகளின் விலையை ஒவ்வொரு மாதமும் நேரில் பார்த்து எழுதி, பில் நகலோடு தங்கள் அலுவலகத்துக்கு அனுப்ப எங்கள் குழுவினர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
செம்பூர், மும்பை